நீல ஃபில்டர்

சீன வருஷப் பிறப்புக்கு முந்தின வாரம் எங்கள் பட்டறைக்குத் தினமும் பதினைந்து வண்டிக்குக் குறையாமல் வந்தன. ஊருக்குப் போகிறவர்களுக்கெல்லாம் கிளம்புவதற்கு முதல் நாள்தான் ஆயில் மாற்ற வேண்டுமென்ற ஞாபகம் வரும். என் கணவன் ஆ-ஃபூவுக்கு முதுகில் எலும்பு விலகி மூன்று வருஷம் ஆகிறது. குனிய முடியாது. ஃபோன் எடுப்பது, சாமான் வாங்குவது, வருகிறவர்களிடம் வாயடிப்பது அவன் பாடு. வண்டிக்கு அடியில் போவது என் பாடு.

கடைசி நாள் சாயங்காலம், கதவை இறக்கலாம் என்று நினைத்தபோது டாக்சி ஓட்டுகிற பான் அண்ணன் வந்து நின்றார். பன்னிரண்டு வருஷமாக எங்களிடம் வருகிறவர். கையில் ஒரு நீல ஆயில் ஃபில்டர்.

"என்னண்ணே இது, பொம்மைக்கடையில வாங்கினீங்களா?" என்றான் ஆ-ஃபூ.

"என் வீட்டுக்காரி ஃபோன்ல வாங்கினா. அஞ்சு சேர்த்து வாங்கினா சல்லிசாம். போட்டு விடுங்கடா, பேசாம."

"போடறோம். அப்புறம் என்ஜின் இருமுதுன்னு இங்க வரக் கூடாது."

"நீ இருமறதை விடவா இருமப் போகுது?" என்று சொல்லி, மென்றுகொண்டிருந்த பாக்கை ஒரு காகிதக் குவளையில் துப்பினார்.

அன்றைக்கு எனக்கு அது பதினாறாவது வண்டி. பழைய ஃபில்டரைக் கழற்றினேன், நீலத்தை மாட்டினேன், ஆயில் ஊற்றினேன். அதற்கு மேல் அந்த வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றுமே நினைவில்லை.

ஐந்தாம் நாள் பட்டறையைத் திறந்து பட்டாசு வெடித்தோம். சிவப்புக் காகிதத்தைக் கூட்டி அள்ளக்கூட இல்லை, பான் அண்ணனின் மஞ்சள் டாக்சியை ஒரு லாரி இழுத்துக்கொண்டு வந்து இறக்கியது. பின்னாலேயே அவரும் குதித்து இறங்கினார். முந்தின நாள் ஃபாங்லியாவ் ஊர்ப் பக்கம் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். மேம்பாலத்தின் மேல் ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. கீழே இறங்கி ஓரமாக நிறுத்தலாம் என்று பார்த்திருக்கிறார். பாலம் முடிவதற்குள் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. வண்டியின் அடிப்பக்கம் முழுக்க ஆயிலில் குளித்துக் கிடந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்றான் ஆ-ஃபூ.

"ஒழுங்கா மாட்டத் தெரியலைன்னு சொல்லுடா!"

பான் அண்ணனே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். ஃபில்டரைத் திருகி எடுத்துக்கொண்டு முழங்கை வரை கறுப்பாக வெளியே வந்தார். "வெட்டிப் பாரு. உன் கடையில விக்கிறதையும் வெட்டு. எது மட்டம்னு பாத்துடலாம்."

ஆ-ஃபூவுக்கு இதைவிடச் சந்தோஷமான வேலை கிடையாது. டீ குடிக்கிற மேஜையில் பழைய பேப்பரை விரித்தான். நாங்கள் விற்கிற கறுப்பு ஒன்று, கார் கம்பெனியே விற்கிற வெள்ளை ஒன்று, வண்டியிலிருந்து வந்த நீலம். மூன்றையும் தகடு வெட்டுகிற கருவியால் சுற்றி அறுத்துத் திறந்தான். உள்ளே இருந்த மடிப்புக் காகிதங்களை அக்கார்டியன் மாதிரி விரித்து வைத்து இரண்டு பேரும் எண்ண ஆரம்பித்தார்கள்.

"வெள்ளையில அம்பத்தாறு மடிப்பு. கறுப்புல அறுபது. உங்களுதுல அம்பத்திரண்டு."

"என்னுதுல மடிப்பு ஆழம் ஜாஸ்தி. கண்ணு தெரியலையா உனக்கு? ஆயில் திரும்பி வழியாம தடுக்குற ரப்பர், அதுவும் என்னுதுலதான் தடிமன். தொட்டுப் பாரு."

"பசை பாருங்கண்ணே, பசை. ஓரத்துல ஒரு இடத்துல விட்டிருக்கு."

"அது நீ அறுத்த லட்சணம்!"

எனக்கு எது தடிமன், எது ஆழம் என்றெல்லாம் கேட்கத் தெம்பில்லை. புது வருஷத்து நாலு நாளும் மாமியார் வீட்டில் பாத்திரம் கழுவியே போயிற்று. சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து டாக்சிக்கு அடியில் தள்ளிக்கொண்டு போனேன். சேதம் எவ்வளவு என்று பார்ப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். உண்மையில், யாரும் என்னோடு பேசாத இடம் அது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டேன்.

மேலே ஆ-ஃபூ சொல்வது கேட்டது. "இதைப் பாருங்கண்ணே. வாய் ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கி வெளிய வந்திருக்கு. நல்ல ரப்பர்னா இப்படிப் பிதுங்குமா?"

பான் அண்ணன் ஃபோனில் எண்ணை அழுத்துகிற சத்தம் கேட்டது.

எனக்குத் தூக்கம் கலைந்தது. நல்ல ரப்பரோ மட்ட ரப்பரோ, சும்மா பிதுங்காது. டார்ச்சை அடித்து, ஃபில்டர் உட்காருகிற இடத்தைத் துணியால் துடைத்தேன். அங்கே ஒரு கறுப்பு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய ஃபில்டரின் ரப்பர். அன்றைக்கு அதைக் கழற்றியபோது டப்பா மட்டும் என் கையோடு வந்திருக்கிறது, ரப்பர் அங்கேயே தங்கிவிட்டது. நான் விரலால் தடவிப் பார்க்கவில்லை. அதன் மேலேயே புதியதைத் திருகிவிட்டேன். ரப்பர் மேல் ரப்பர் நிற்காது. நாலு நாள் தாங்கியதே அதிகம். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

நகத்தால் நெம்பினேன். உரிந்து உள்ளங்கையில் விழுந்தது. கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. போட்டுக்கொள்ளத்தான் நினைத்தேன். கை பைக்குள் பாதி போயும் விட்டது.

அப்போது பான் அண்ணன் ஃபோனில் கத்துவது கேட்டது. "எல்லாம் நீ வாங்கின குப்பையாலதான்! சல்லிசு, சல்லிசுன்னு... இப்ப பாரு, என்ஜினே போச்சு. உன்னைக் கேட்டேனா நானு? வாயை மூடு. அழாதே!"

நான் பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். சக்கரத்தைப் பிடித்து எழுந்தேன். வளையத்தை அந்த மூன்று டப்பாக்களுக்கும் நடுவே பேப்பரில் வைத்தேன்.

"ஃபில்டர் மேல தப்பில்லண்ணே. பழைய ரப்பரை எடுக்காம மாட்டிட்டேன். என் தப்பு."

ஆ-ஃபூ வளையத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான்.

பான் அண்ணன் ஃபோனை அணைத்தார். "முதலாளியம்மா, அந்த வண்டியில ஒரு குழந்தை இருந்துச்சு," என்றார். கத்தாமல்தான் சொன்னார். கத்தியிருக்கலாம்.

"நான் சரி பண்ணிக் குடுத்துடறேன். என் செலவு."

"பண்ணித்தான் ஆகணும்." சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் ஆ-ஃபூ சொன்னான். "அவனே ஃபில்டர் மேலதான் தப்புன்னு ஒத்துக்கிட்டான். நீ ஏன் வாயைத் திறந்த?"

"முடியல, ஆ-ஃபூ."

"என்ன முடியல?"

 அடுப்பில் நூடுல்ஸ் வைத்தேன். பாதிதான் சாப்பிட முடிந்தது.

என்ஜினை இறக்கிப் பிரித்து, பேரிங் மாற்றி, உள்ளே சுழலும் தண்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்து வாங்கி மறுபடி ஏற்ற ஒன்பது நாள் ஆனது. ஆ-ஃபூ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாளிலிருந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நட்டுகளை வரிசைப்படுத்திக் கொடுத்தான். ஒரு நாளைக்கு எட்டு வண்டிக்கு மேல் எடுப்பதில்லை என்று வாசலில் அவனே எழுதி ஒட்டினான்.

ஒன்பதாம் நாள் காலை ஃபோன் அடித்தது. பான் அண்ணனின் மனைவி.

"முதலாளியம்மா, வண்டி ரெடியா?"

"மத்தியானம் எடுத்துக்கலாம்க்கா."

"சரி." கொஞ்சம் தயங்கினாள். "நான் வாங்கினதுல இன்னும் நாலு இங்க இருக்கு. குப்பையில போட்டுடட்டுமா?  ஒரு வாரமா அவரு முகத்தைப் பாக்க முடியல என்னால."

எனக்கு முதலில் புரியவில்லை. "அக்கா, அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

இழுத்து மூச்சு விட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறாவது வண்டி, ஒட்டிக்கொண்டிருந்த ரப்பர், அவர் முன்னால் நான் ஒப்புக்கொண்டது, அது எந்த நாள், எத்தனை மணி என்பது வரை.



"ஒன்பது நாளு," என்றாள். "இன்னைக்குக்கூட அந்த ஆளுக்கு மீன் கஞ்சி வெச்சுக் குடுத்தேன்."

"அக்கா..."

"வண்டியை அவர்கிட்ட குடுக்காதே. நானே வரேன். எனக்கும் ஓட்டத் தெரியும்."

மத்தியானம் ஸ்கூட்டரில் வந்தாள். சாவியை வாங்கிக்கொண்டாள்.  என்னைத் திட்டவில்லை. டாக்சியைக் கிளப்பிக்கொண்டு கடல் பக்கம் போகிற சாலையில் திரும்பினாள். அவர்கள் வீடு ஊருக்குள் இருக்கிறது.

ஸ்கூட்டர் சாயங்காலம் வரை எங்கள் வாசலிலேயே நின்றது.