எந்த மாநிலத்துக்காரன்

வரிக் கணக்குக் காட்டும் ஏப்ரல் வந்தாலே மார்லிஸுக்கு எரிச்சல்தான். அவள் விஸ்கான்சினில் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். கணவன் டுவேன் நான்கு வருடமாகப் பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான். வாரம் தவறாமல் வருவேன் என்று போனவன், இப்போது மாதம் ஒரு முறை எட்டிப் பார்த்தால் உண்டு. ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாநில வரி, மேலே மத்திய வரி. படிவமோ தலையணை உயரம்.

நூலகத்தில் இலவசமாக வரிப் படிவம் எழுதித் தரும் ஆஸ்ட்பி ஓய்வுபெற்ற வாத்தியார். இருவரும் சேர்ந்தே கணக்குக் காட்டினால் ஆயிரம் டாலருக்கு மேல் மிச்சம் என்றார். மார்லிஸ் டுவேனையும் இழுத்துக்கொண்டு வந்ததே அதற்குத்தான். பணம் கிடக்கட்டும், இரண்டு பெயரும் ஒரே தாளில் இருக்க வேண்டும் அவளுக்கு. ஊர் வாய் ஏற்கெனவே மெல்லத் தொடங்கியிருந்தது.

டுவேன் எந்த மாநிலத்துக்காரர் என்று ஆஸ்ட்பி கேட்டார். விஸ்கான்சின் என்று சொல்லிக்கொண்டே அவன் அடையாள அட்டையை எடுக்க, கூடவே மான் வேட்டை உரிமமும் மேஜையில் விழுந்தது. மின்னசோட்டாவாசி என்று கையெழுத்துப் போட்டு, உள்ளூர்க்காரனுக்கான மலிவு விலையில் வாங்கியது.

மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடுகு போகிற இடம் பார்ப்பான், பூசணிக்காய் போகிற இடம் தெரியாது இவனுக்கு.

"ஒரு மானுக்காக ஊரையே மாத்தி எழுதிட்டியா நீ?"

இந்தப் பக்கம் பாதிப் பேர் செய்கிற தப்புதான், சரி செய்துகொள்ளலாம் என்று ஆஸ்ட்பி சமாதானம் சொன்னார். சட்டம் முக்கியமாகப் பார்ப்பது வேறொன்றை.

"சுரங்க வேலை முடிஞ்சதும் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவீங்க? அதுதான் உங்க ஊர்."

பதில் தெரிந்த கேள்விதானே என்று அவர் எழுதத் தயாராகப் பேனாவைத் தாளில் ஊன்றிவிட்டார். டுவேன் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். வழக்கம்போல அவனுக்கும் சேர்த்து மார்லிஸே பதில் சொல்லியிருக்கலாம். இந்த முறை அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அதை இன்னும் யோசிக்கல," என்றான் அவன்.

மார்லிஸ் மேஜைமேல் இருந்த காகிதக் கட்டுக்குள்ளிருந்து தன் சம்பளத் தாள்களை மட்டும் உருவினாள்.

"தனித்தனியாவே எழுதிடுங்க, சார்."

ஆஸ்ட்பி பதறிப்போய் அந்த ஆயிரம் டாலரை நினைவுபடுத்தினார்.

"போனா போகுது சார். நாலு வருஷமா சேந்திருக்கோம்னு நான் ஒருத்திதான் எழுதிட்டிருக்கேன்."