எங்கள் தெருவின் குரைப்புச் சோதனை

எங்கள் வீடுகளுக்குப் பின்னால், கடற்கழி வரைக்கும் ஒரு புல்வெளி சும்மா கிடந்தது. அதைச் சுற்றி வேலி போட்டு நாய்களை அவிழ்த்துவிடலாம் என்று முதலில் சொன்னவள் போடில். தெருச் சங்கத்தின் தலைவி, பல் வைத்தியர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பேசி, எதிராளி பதில் சொல்லக்கூடும் என்பதையே மறந்துபோனவள். கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினோம், அஸ்கர் ஒருவரைத் தவிர.

அஸ்கர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து ஓய்வுபெற்றவர். அவருடைய தோட்டம் முடியும் இடத்தில்தான் புல்வெளி ஆரம்பிக்கிறது. பக்கத்து வீட்டு விக்கோவின் பெரிய நாய் பாஸ்ஸே குரைக்கிறது என்று வருஷக்கணக்காக நகராட்சிக்குப் புகார் எழுதியவர். பாஸ்ஸே போன டிசம்பரில் செத்துப்போனது. இப்போதுதான் கொஞ்சம் நிம்மதி, அதற்குள் ஒரு படையையே கொண்டுவந்து விடுகிறீர்களா என்று கேட்டார்.

நகராட்சியிலிருந்து சிக்னெ என்ற பெண் வந்தாள். அக்கம்பக்கத்தாருக்கு எவ்வளவு சத்தம் கேட்கும் என்று அளந்து பார்க்காமல் அனுமதி தர முடியாது என்றாள். அனுமதி வராமல் நாய்கள் அந்தப் புல்லில் கால் வைக்கக் கூடாது என்றும் அவளே சொன்னாள். ஒலிபெருக்கியில் குரைப்பைப் போட்டுக் காட்டலாமே என்றாள் போடில்.

அஸ்கர் ஒத்துக்கொள்ளவில்லை. "பெட்டியிலேருந்து வர்றதெல்லாம் குரைப்பு இல்ல. நுரையீரல்லேருந்து வரணும்."

"நமக்கும் நுரையீரல் இருக்கே" என்றாள் போடில்.

யாரும் சிரிக்கவில்லை. சிக்னெ விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மனிதர்கள் குரைக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை என்றாள்.

அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை, மழைக்கோட்டுகளோடு புல்வெளியில் போய் நின்றோம். நாய்களையெல்லாம் வீட்டில் பூட்டிவிட்டு வந்திருந்தோம். அவரவர் நாயை அவரவர் குரைக்க வேண்டும் என்பது போடிலின் ஏற்பாடு. என் நாய் குரைப்பதே இல்லை. அதனால் நான் வாயைத் திறக்கக் கூடாது. தூறலில் நின்று குரைக்காமல் இருந்தேன். நேர்மையாகச் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வேலிச்செடிக்கு அந்தப் பக்கம், பெரிய குடைக்குக் கீழே அஸ்கரும் சிக்னெயும் காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் ஒலியை அளக்கும் கருவி. போடில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

அஸ்கர் எழுந்து வேலிச்செடியோரம் வந்தார். "போடில், இது நாய் குரைக்கிறதா, இல்ல நீ நாயைப் பத்திப் பேசுறியா?"

போடிலுக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த தடவை நிஜமாகவே குரைத்தாள். அதைக் கேட்டு மற்றவர்களுக்கும் வெட்கம் விட்டுப்போயிற்று. மருந்துக்கடைத் தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக் குரைக்க ஆரம்பித்து, நிறுத்த மனமில்லாமல் குரைத்துக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் என்ன பாக்கியோ, எங்களுக்குத் தெரியாது.

சிக்னெக்குத் திருப்தி இல்லை. பெரிய நாய் ஒன்றுகூட இல்லாமல் அளவு சரியாக வராது என்றாள். எங்கள் தெருவில் இப்போது இருப்பதெல்லாம் குட்டைக்கால் நாய்கள்.

விக்கோவும் வந்திருந்தான். நாய் இல்லாதவனுக்கு அங்கே வேலை இல்லை, ஓரமாக நின்றுகொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றிப் பையில் திணித்தான். பிறகு குரைத்தான். அடிவயிற்றிலிருந்து, குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, முடிவில் கரகரப்பு. அடுத்த நொடி தெருவில் பூட்டிக் கிடந்த அத்தனை நாய்களும் கத்தின.

அஸ்கர் கோப்பையை அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தார். "அது பாஸ்ஸே" என்றார்.

சிக்னெ தன் தாள்களில் தேடினாள். "அப்படி ஒரு நாய் இல்லையே."

"செத்துப்போச்சு" என்றார் அஸ்கர்.

செத்த நாயைக் கணக்கில் சேர்க்கலாமா என்று சிக்னெ யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அஸ்கர் வேலிச்செடியைப் பிளந்துகொண்டு புல்வெளிக்கு வந்துவிட்டார். கோட்டெல்லாம் இலை.

"யோவ் விக்கோ, கடைசியில ஒரு இழுப்பு இருக்குமே. அதை விட்டுட்டியே."

"அது தபால்காரர் வந்தா மட்டும்தான்" என்றான் விக்கோ.

"சரி, தபால்காரர் வர்றார்னு வெச்சுக்கோ."

விக்கோ தெருப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு தபால்காரர் வருவதாக வைத்துக்கொண்டு குரைத்தான். இழுப்பு வந்தது. அஸ்கர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"குளிர்காலம் பூரா எதைப் பத்திப் புகார் எழுதுறதுன்னே தெரியாம உக்காந்திருந்தேன்" என்றார்.

"எனக்கும் நகராட்சியிலேருந்து ஒரு பய கடுதாசி போடல" என்றான் விக்கோ. அவன் குரல் இன்னும் கரகரத்தது. குரைத்ததனால் என்று நினைத்துக்கொண்டோம்.

அப்போது சிக்னெயின் போன் அடித்தது. அவளுடைய அலுவலகம்தான். கடற்கழிப் பக்கம் பெரியவர்கள் கூட்டமாக நின்று குரைப்பதாக எதிர்க்கரையிலிருந்து புகாராம், பக்கத்தில் இருந்தால் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். "பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஒரு மாதத்தில் அனுமதி வந்தது. நாய்களின் சத்தம் வரம்புக்குள் இருக்கிறதாம். மனிதர்களின் சத்தம்தான் வரம்பைத் தாண்டிவிட்டதாம். வேலிக்குள் பெரியவர்கள் குரைக்கக் கூடாது என்று தனியாக ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். அது எங்கள் உரிமையில் கை வைப்பது என்று போடில் மேல்முறையீடு செய்திருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை.

திறப்பு நாளில் கொடி ஏற்றினோம். நாய்கள் வேலியோரமாக ஒரு சுற்று ஓடிவிட்டு, மழை பிடிக்காமல் கதவருகே வந்து நின்றுகொண்டன. காபி தீரும்வரை நாங்கள்தான் உள்ளே நின்றோம்.

விக்கோ இன்னும் புது நாய் வாங்கவில்லை. வாங்கச் சொல்லி அஸ்கர் தினமும் அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். குட்டைக்கால் நாயெல்லாம் வேண்டாமாம். பெரியதாக, தொண்டை கட்டினதாக ஒன்று வேண்டுமாம்.