அம்புரோஸின் மூக்கும் என் ரெயின்கோட்டும்

குன்னூர் கடைவீதியில் குடையும் கம்பூட்ஸும் ரெயின்கோட்டும் விற்கிறவனுக்கு ஐப்பசியில் இரண்டு தீபாவளி. நனைந்துகொண்டே கடையேறுகிறவன் பேரம் பேச மாட்டான். இந்தக் கணக்கில் அடங்காத ஒரே ஆள் அம்புரோஸ்.

தொண்ணூற்று நாலாம் வருஷம். அம்புரோஸ் லவ்டேலிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். ஏலத்துக்குப் போகும் தேயிலையைக் குடித்துப் பார்த்துத் தரம் சொல்லும் கம்பெனியில் வேலை. எட்டு வருஷமாகக் கோப்பை கழுவியவரை ருசி பார்க்கிறவராக்கலாம் என்று அங்கே மூத்த ருசிகாரரான ஜானகியம்மாள் நினைத்திருந்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆறு கோப்பை வைப்பாராம். சரியாகச் சொன்னால் புது வேலை, தப்பினால் மறுபடி கோப்பை கழுவும் தொட்டி.

அன்று திங்கள். கடை வாசலில் நின்ற அம்புரோஸைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும்.

“ஏனுங்க, மூக்கு அடைச்சுக்கிச்சுங்க. மூக்கில்லாம வெறும் நாக்கை வெச்சுட்டு என்னுங்க பண்றது? டீயும் சுடுதண்ணியும் ஒண்ணாத் தெரியுது.”

இருப்பதிலேயே கனத்த ரப்பர் கோட்டை எடுத்துப் போட்டேன். முகர்ந்தவர் முகத்தைச் சுளித்தார்.

“வாசம் தூக்குதுங்களே.”

“வாசம் அடிச்சாத்தானுங்க அசல் ரப்பர். அதைத் தாண்டி மழையே உள்ள வராது.”

“அப்ப கையுறையும் சேர்த்துக் குடுத்துருங்க.”

“கோட்டுக்குக் கையுறை குடுத்தா, நாளைக்கு பூட்ஸ் வாங்க வர்றவன் காலையும் சேர்த்துக் கேப்பானுங்க.”

கடைசியில் கொடுத்துத்தான் தொலைத்தேன். இலவசமாகப் புத்தியும் சொன்னேன். “பேண்ட்டை பூட்ஸுக்கு வெளிய விடுங்க. உள்ள செருகினா பூட்ஸு வாளியாயிரும். கையுறை மேல கோட்டுக் கை வரோணும். சட்டைக்குள்ள ஒரு பழைய பேப்பர், கழுத்துல ஒரு துண்டு.”

ஒரு வாரம் சொட்டுகூட நனையாமல் வந்தார். சனிக்கிழமை மூக்கு திறந்தது. திறந்ததுதான் வினை. திங்கட்கிழமை சாயங்காலம் கோட்டைக் கக்கத்தில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“பழகிப் பாக்க எட்டுக் கோப்பை குடிச்சேனுங்க. எட்டுலயும் உங்க கடைதான் வருது.”

“அப்படீன்னா?”

“எல்லாம் ரப்பருங்க! கோட்டு வாசம் சட்டையில, சட்டை வாசம் மூக்குல. ‘யாருப்பா டயர் கடைக்குப் போயிட்டு வந்தது?’ன்னு மேடம் கேக்கறாங்க. இதைத் திருப்பி எடுத்துக்குங்க.”

நான் தலைக்கு மேலே கைகாட்டினேன். விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. என் அப்பா எழுதி மாட்டிய பலகை. அவர் அதை ஒருமுறைகூட மீறியதில்லை.

அம்புரோஸ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “போடாட்டி நனைஞ்சு மூக்கு அடைக்குது, போட்டா இப்படி. தேயிலை சங்கதியே இதுதானுங்க. வெங்காயத்துக்குப் பக்கத்துல வெச்சா வெங்காயம், சோப்புக்குப் பக்கத்துல வெச்சா சோப்பு. எந்த வாசத்தையும் இழுத்துக்கும்.”

“அப்ப அந்தக் கோட்டு வாசத்தையும் அதையே இழுக்கச் சொல்லுங்க.”

கடுப்பில் சொன்னதுதான். அவர் கோட்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார்.

அவர்கள் கம்பெனிக் கிடங்கில் ஏலம் முடிந்த பழைய சாம்பிள் தூள் குப்பைக்குப் போக மூட்டையாகக் கிடக்கும். அதற்குள் கோட்டைப் புதைத்து வாயைக் கட்டிவிட்டாராம். மூன்று நாள் பஸ்ஸில் வந்தார். வியாழன் மாலை பிரித்தால் கோட்டில் தேயிலை மணம் மட்டும்தான். வெள்ளிக்கிழமை காலை நல்ல மழையில், காய்ந்த சட்டையோடும் திறந்த மூக்கோடும் போய் இறங்கினார்.

மீதியை அன்று சாயங்காலம் அவரே வந்து சொன்னார்.

“அஞ்சு கோப்பை சரியாச் சொல்லிட்டனுங்க. ஆறாவதை உறிஞ்சினேன். ரப்பர்!”

“ஐயோ.”

“உசுரே போயிருச்சு. சொன்னா, இவன் மூக்குல இன்னும் கோட்டு வாசம் இருக்குதுன்னு தொட்டிக்கே அனுப்பிருவாங்க. நல்ல சாயம், கொஞ்சம் துவர்ப்புன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்புறம் மொதக் கோப்பைக்கே திரும்பிப் போனேன். உறிஞ்சினா ரப்பர் இல்லீங்க. ரெண்டு, மூணு, எதுலயும் இல்லை. மறுபடி ஆறாவதுக்கு வந்தா இருக்குது. என் மூக்குல இருந்தா எல்லாத்துலயும் இருக்கோணுமல்லங்க?”

“சொல்லிட்டீங்களா?”

“‘மேடம், இதுல மட்டும் ரப்பர்’னேன். ‘என்ன ரப்பர்?’னாங்க. தெரிஞ்ச வாசத்தை எப்படீங்க மறைக்கிறது? ‘என் கோட்டுங்க மேடம்’னுட்டேன்.”

ஜானகியம்மாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். காலையில் கிடங்குப் பக்கம் போனவர், அவிழ்ந்து கிடந்த அந்த மூட்டையில் ஒரு பிடி அள்ளி வந்து ஆறாவதாக வைத்திருந்தார். “மூட்டையை நாறடிச்சது யாருன்னும் தெரியணும், இது உனக்குத் தெரியுதான்னும் தெரியணும். ரெண்டும் தெரிஞ்சுபோச்சு. திங்கட்கிழமையிலிருந்து கோப்பை கழுவ வேற ஆள் பார்த்துக்கலாம்.”

சொல்லி முடித்து அம்புரோஸ் கோட்டைக் கழற்றி உதறினார். உள்ளே சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. என் சரக்கு அப்படி.

“ஒரே ஒரு குறைங்க,” என்றார். “கழுத்துப் பக்கமா ஒரு சொட்டு உள்ள இறங்குது.”

என் கை தானாகப் பலகையை நோக்கி எழுந்தது. “துண்டு கட்டச் சொன்னனேங்க?”

“எப்படீங்க கட்டறது? அதுல சோப்பு வாசம்.”