படகு வயர்லெஸ்

படுக்கையில் இருந்த தந்தை அல்லாலாவின் முதுகுக்குப் பின்னால் ரௌதா மூன்றாவது தலையணையைச் செருகியதும் அவர் பூதக்கண்ணாடியைக் கேட்டார். இன்றோ நாளையோ என்று டாக்டர் காலையில்தான் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மடியில் ஒரு பழைய வயர்லெஸ் போர்டின் வரைபடம்.

படகு எஞ்சினிலிருந்து வரும் மின்சாரம் அழுக்கானது. அதை வடிகட்டி வயர்லெஸ்ஸுக்குச் சுத்தமாகக் கொடுக்கும் பகுதியை வரைவதுதான் முப்பது வருடமாக அவர் வேலை.

"இந்தக் கெப்பாசிட்டர எங்க வெச்சிருக்கேன் பாரு."

"ஓரத்துல."

"சிப்புக்கும் அதுக்கும் எட்டு சென்டிமீட்டர். அந்தத் தூரத்துலயே இரைச்சல் ஏறிடுது. பக்கத்துல வைன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தேன். தம்பிக்குச் செஞ்சப்ப, பெட்டிக்குள்ள அடங்கலேன்னு ஓரமாத் தள்ளிட்டேன்." மூச்சு வாங்கியது. "அவனக் கூப்பிடு."

மீன்பிடிப் படகு வைத்திருக்கும் தம்பி ஹம்மூதா இந்த வீட்டுப் பக்கம் வராமல் இரண்டு வருடம் ஆகிறது. எஞ்சின் வேகமெடுத்தால் வயர்லெஸ் ஊளையிடுகிறது என்று அவர் சொன்னபோதெல்லாம், "உன் எஞ்சின் கோளாறு" என்றார் அல்லாலா. டைனமோவை மாற்றிய பிறகும் ஊளை நிற்கவில்லை. ஒரு குளிர்காலத்தில் புயல் எச்சரிக்கை அந்த ஊளைக்குள் அமுங்கிப்போய், வலைகளையெல்லாம் கடலில் விட்டு, கை ஒடிந்து கரை சேர்ந்தார். அதற்குப் பிறகு பெருநாளுக்குக்கூட வரவில்லை.

"சித்தப்பா, தப்பு தன் பேர்லதான்னு பாபா சொல்றாரு," என்றாள் ரௌதா போனில்.

"என்ன தப்பாம்?"

"கெப்பாசிட்டர் தூரமா இருக்காம்."

"இதக் கண்டுபிடிக்க ரெண்டு வருஷமா அவனுக்கு?" இணைப்பு அறுந்தது.

அரை மணி நேரத்தில் ஹம்மூதா, படகிலிருந்து கழற்றிய வயர்லெஸ்ஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். சட்டைக் கையில் மீன் செதில். அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"இளைச்சுட்ட."

"நீ பெருத்துட்ட. உக்காரு, டார்ச்சப் புடி."

ரௌதா பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவள். அப்பா சொல்லச் சொல்லக் கெப்பாசிட்டரைக் கழற்றி, சிப்பை ஒட்டி வைத்துச் சால்டரிங் செய்தாள். ஈயம் இரண்டு தடவை தவறிச் சொட்டியது.

"அதோட கம்பிக் கால இன்னும் குட்டையா வெட்டு. இன்னும். வெட்ட மனசு வரலியா?"

"அவள ஏன் வெரட்டுற? எட்டூரு தள்ளி வெச்சது அவளா?" என்றார் ஹம்மூதா.

அல்லாலா சிரித்தார். சிரிப்பு இருமலானது. ஹம்மூதா டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு அண்ணனின் முதுகைத் தாங்கிக்கொண்டார். இருமல் நின்ற பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஹம்மூதா வயர்லெஸ்ஸைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பினார். "எஞ்சின முழுசா முறுக்கிட்டுப் பேசறேன். கேட்டுச் சொல்லு."

"கத்தாத. சாதாரணமாப் பேசு."

ரௌதா வீட்டில் இருந்த இன்னொரு வயர்லெஸ்ஸைக் கட்டிலருகே வைத்துப் போட்டாள். அப்பாவுக்கு இரண்டு கரண்டி தண்ணீர் கொடுத்தாள்.

"பேசிட்டானா?"

"இப்பத்தானே போனாரு பாபா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடிக்கொண்டே போனது. அவள் குனிந்து, கடைசி நேரத்தில் ஓதும் கலிமாவைக் காதில் சொன்னாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். அவர் விரல்களைப் பிடித்தபடி வெகுநேரம் காத்திருந்தாள்.

வயர்லெஸ் கரகரத்தது. "அண்ணே, நான்தான். எஞ்சின் முழு வேகத்துல ஓடுது. கேக்குதா?"

ஊளை இல்லை. கடற்பறவைகளின் கூச்சலும், சித்தப்பா மூச்சு விடுவதும்கூடக் கேட்டது.

அவள் பொத்தானை அழுத்தினாள். "கேக்குது சித்தப்பா. சுத்தமாக் கேக்குது."

"உன் குரலும் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கும்மா. அவன்கிட்டச் சொல்லு... இரு, நானே சொல்றேன். அண்ணே, நாளைக்குக் கணவாய் மீன் கொண்டாறேன். திங்க முடியலேன்னா வாசனையாவது புடி. அப்பறம் அந்த டைனமோ... சரி, விடு. நம்ம சின்னதுல..."

ரௌதா மறுபடி பொத்தானைத் தொடவில்லை. பெட்டியை மெல்ல நகர்த்தி, தலையணைப் பக்கம் திருப்பி வைத்தாள்.