ஒல்லாரியாவின் எல்லை

ஒல்லாரியா நாட்டின் ஜனாதிபதியாகத் தாட்சாயணி தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாள் விடியற்காலையில், அவள் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது, நீலச் சட்டையும் வெள்ளைக் கையுறையும் போட்ட இரண்டு காவலர்கள் மாட்டுக் கொட்டகை வாசலில் வந்து நின்று சல்யூட் அடித்தார்கள். அவர்களுடைய பூட்ஸ் தரையைத் தொடவில்லை. நாலு விரற்கடை மேலேயே நின்றது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் விஜயபுரம் மண்டலத்தில் இதற்கெல்லாம் யாரும் மயக்கம் போட்டு விழுவதில்லை. ஊர் முதலில் கேட்டது அவர்கள் எந்தக் கட்சி என்று, அடுத்துக் கேட்டது எந்த ஆளுங்க என்று, அதற்கப்புறம்தான் டீ குடிக்கிறார்களா என்று. எதற்கும் பதில் வராததால் மேலிடத்து ஆட்கள் என்று முடிவுசெய்து, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். தாட்சாயணி சாணிக் கூடையை இறக்கவே இல்லை. "ஓரமா நில்லுங்கய்யா, மாடு மிரளுது" என்றாள். இருவரும் அந்தரத்திலேயே ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஒல்லாரியா எங்கே இருக்கிறது என்று யாரும் வரைபடத்தைப் புரட்ட வேண்டாம். அது செல்போனுக்குள் இருக்கிற நாடு. உலகம் முழுக்க வேலை உள்ளவர்களும் வெட்டியாக இருப்பவர்களும் சேர்ந்து ஆடும் அரசியல் விளையாட்டு அது; அதில் கட்சி தொடங்கலாம், வரி போடலாம், பக்கத்து நாட்டின் மேல் படையெடுக்கலாம், ஜனாதிபதி தேர்தலில் நிற்கலாம். தாட்சாயணியின் புருஷன் மோகன்ராஜ் ஒரு வருஷமாக அதில் விழுந்து கிடந்தான். நிஜ அரசியலில் அவன் செய்யாத ஊழியம் இல்லை. எல்லாக் கட்சிக்கும் கொடி கட்டினான். எல்லாக் கட்சியும் அவன் தோளில் ஒரு துண்டு போட்டது. ஒரு கட்சியும் சீட்டு தரவில்லை. கடைசியில் அவர்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, நம்ம பக்கத்து வழக்கப்படி பெண்டாட்டி பேரில் மனு போட்டு ஜெயித்தான். கையெழுத்து அவளுடையது, நாற்காலி அவனுடையது. குழாய் உடைந்ததைச் சொல்ல அவள் ஒரே ஒரு தடவை பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். "வார்டு மெம்பர் இப்பதான் வந்துட்டுப் போனாரும்மா, நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விளையாட்டில் மோகன்ராஜை எதிர்த்து நின்றவர் பின்லாந்துக்காரர். படித்தவர். தடிமனான பொருளாதாரத் திட்டம் ஒன்றை வெளியிட்டுவிட்டு, ஜனங்கள் அதைப் படிப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருந்தார், பாவம். மோகன்ராஜ் ஒரு வரி திட்டமும் போடவில்லை. மொழிபெயர்ப்பு ஆப்பை வைத்துக்கொண்டு, வாக்காளர் ஒவ்வொருவரிடமும் "அண்ணா, சாப்பிட்டாச்சா? பிள்ளைங்க நல்லா படிக்குதா?" என்று விசாரித்தான். பிரேசிலில் ஒருத்தியின் நாய் செத்ததற்குத் துக்கம் கேட்டான். காரியத்தன்று ஞாபகமாக மறுபடியும் கேட்டான். போலந்தில் ஒருவன் வீடு கட்டுகிறான் என்று தெரிந்ததும், வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கவலைப்பட்டான். அந்த ஊர்களில் யாரும் யாரையும் இப்படிக் கேட்பதில்லை போலிருக்கிறது. ஜனங்கள் அழுதுகொண்டே ஓட்டுப் போட்டார்கள். பின்லாந்துக்காரரின் பிரச்சார மேலாளரே கட்சி மாறிவிட்டார். தன்னைச் சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டுப் பல வருஷம் ஆகிறது என்று அறிக்கை விட்டார்.

ஜெயித்ததும் மோகன்ராஜ் போட்ட முதல் ஆணை, தலைநகரில் தனக்குச் சிலை வைக்க வேண்டும் என்பது. ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வந்து காவலர்களைப் பார்த்து அதிகாரமாகக் கையை ஆட்டினான். அவர்கள் அவனைத் தாண்டி, புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்த தாட்சாயணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. விளையாட்டில் சேரும்போது பெயர் கேட்ட இடத்தில் அவன் தாட்சாயணி என்று போட்டிருந்தான். வேண்டுமென்று அல்ல. ரேஷன், சிம், வார்டு எல்லாம் பெண்டாட்டி பேரில் வைத்துக்கொண்டு தான் ஆண்டு பழகியவன் கை, தானாகவே அந்தப் பெயரைப் போட்டுவிட்டது. நம்ம ஊர் அதிகாரிகளாக இருந்தால் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். அந்தரத்தில் நிற்பவர்களுக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை.

அவள் சொல்வதெல்லாம் நடந்தது. "சும்மா நின்னுக்கினு கீறதுக்கு அந்த ஆட்டையாச்சும் ஓட்டுங்களேன்" என்றாள். அவரைப் பந்தலை மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் அப்படியே எழும்பி, வேலிக்கு அந்தப் பக்கம் போய் இறங்கி, அங்கே மேயத் தொடங்கின. சிலை விஷயமாக மோகன்ராஜ் நச்சரித்தபோது, "எங்கியாச்சும் போய்த் தொலைய்யா" என்றாள். மத்தியானம் அவன் போன் செய்தான். திருப்பதி அலிபிரியில், மலைப் படிக்கட்டின் முதல் படியில், லுங்கியும் பல்குச்சியுமாக நின்றுகொண்டிருந்தான். வந்தது வந்தாயிற்று என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பஸ் பிடித்துத் திரும்பினான். அன்றிலிருந்து தாட்சாயணி வாயை அளந்து திறந்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, மழை. இரண்டு ஏக்கரில் வேர்க்கடலை போட்டிருந்தாள். பூ உதிர்ந்து விழுது மண்ணுக்குள் இறங்கும் சமயம்; மண்ணோ ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. அவளுடைய போர்க்கிணறு, பக்கத்து மாந்தோட்டத்தில் கிருஷ்ணப்பா அதைவிட ஆழமாகப் போட்ட நாளே மூச்சை விட்டுவிட்டது. போன வருஷம் பயிர் காய்ந்தபோது நகரிக்கு விசைத்தறி வேலைக்குப் போய், பஞ்சுத் தூசியில் வாங்கி வந்த இருமல் இன்னும் அவளை விடவில்லை. இந்தப் பயிரும் காய்ந்தால் மறுபடியும் அந்தத் தறிக் கொட்டகைக்குள்தான் போக வேண்டும். தினப்படி உத்தரவுக்கு மழை வராது என்று மோகன்ராஜ்தான் விதிகளைப் பார்த்துச் சொன்னான். ஆனால் ஜனாதிபதிக்கு ஒரு விசேஷ ஆணை உண்டு. வானமும் அதற்குக் கட்டுப்படும். பதவிக்காலத்துக்கு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அதைப் பயன்படுத்த வேண்டும். இதையெல்லாம் அவன் சொன்னது மழைக்காக அல்ல. அந்த ஆணையைக் கொண்டு பதவியைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள ஆசைப்பட்டான்.

"கண்ணு முழிச்சி ஓட்டு வாங்கனது யாரும்மே? நானு. ஒரு வார்த்தை சொல்லு, என் பேருக்கு வந்துடும். ஊர்ல தலை நிமிந்து நடப்பேன்."

"அப்போ கடலை?"

"கடலை போனா அடுத்த போகம் போட்டுக்கலாம். ஜனாதிபதி பதவி மறுபடி வருமா?"

"அடுத்த போகம் வரைக்கும் இன்னாத்தத் துன்றது? ஒன் ஓட்டையா?"

மோகன்ராஜ் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தான். சரித்திரத்துக்காகச் சொல்லி வைக்கிறேன், அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தான். வியாழக்கிழமை கிருஷ்ணப்பாவையே அழைத்து வந்தான். கிருஷ்ணப்பா என்றால் மண்டலத்தில் பெரிய தலை. பங்காருபாளையம் மண்டியில் அவர் வண்டி போய் நின்ற பிறகுதான் அன்றைய மாம்பழ விலை முடிவாகும். காவலர்களைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. தனக்கு ஏன் இப்படி இரண்டு பேர் இல்லை என்று மட்டும் வருத்தப்பட்டார்.

"சூடம்மா, பதவி ஆடவாள்ள பேருல இருக்கட்டும், தப்பில்ல. பெத்தனம் மொகவாள்ளது. நம்ம ஊர்ல எப்பவும் அப்படித்தான நடக்குது? எந்துக்கம்மா வீணா கொடவ?"

பேர் பெண்ணுக்கு, அதிகாரம் ஆணுக்கு, எதற்கு வீண் சண்டை என்று நியாயமாகப் பேசியதாக அவருக்கே ஒரு திருப்தி. தாட்சாயணி பதில் சொல்லவில்லை. அவள் பணிந்துவிட்டாள் என்று இரண்டு ஆண்களும் நினைத்துக்கொண்டார்கள். வாயைத் திறந்தால் கிருஷ்ணப்பா எங்கே போய் நிற்பார் என்று அவளுக்கே தெரியாததால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் அவள் நிலத்துக்குப் போனாள். காவலர்கள் மிதந்துகொண்டே பின்னால் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் மோகன்ராஜ் கெஞ்சிக்கொண்டே போனான். வரப்பில் நின்று, "என் நாட்டுக்கு மழை வேணும்" என்றாள். காவலர்கள் அன்றுதான் முதலும் கடைசியுமாகத் தமிழில் நீளமாகப் பேசினார்கள். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருந்தது குரல். "ஒல்லாரியாவுக்குத் தரையில் எல்லை கிடையாது. ஜனாதிபதி தம் காலால் நடந்து வளைத்துக் காட்டும் இடமே நாடு."

தாட்சாயணி தன் இரண்டு ஏக்கரைச் சுற்ற ஆரம்பித்தாள். மூலைக்கு வந்தபோது அடுத்த வரப்பில் செல்வி குடத்தால் பாத்தி பாத்தியாக ஊற்றிக்கொண்டிருந்தாள். செல்வியும் அவள் புருஷன் முனிசாமியும் பரம்பரையாகக் கூலிக்குப் போன குடும்பம்; சொந்தமாகப் பட்டா வாங்கி அவர்கள் போட்ட முதல் வெள்ளாமை அது. செல்வி நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாட்சாயணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராக நடந்தாள். செல்வி நிலம் முடிந்தது, காலனிக்காரர்கள் நிலம் வந்தது, அதையும் வளைத்தாள். கால் வெடிப்பில் ரத்தம் கசிந்தது. இருமல் அவளை இரண்டு இடத்தில் உட்கார வைத்தது. பொழுது இறங்கிக்கொண்டே இருந்தது. கிருஷ்ணப்பாவின் மாந்தோட்டத்து முள்கம்பி வந்ததும் கொஞ்சம் நின்றாள். உள்ளே மூன்று போர் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, கம்பியை ஒட்டினாற்போல் திரும்பினாள்.

"அய்ய, கால் போவுதுமே! அடுத்தவன் நெலத்துக்கெல்லாம் ஒனுக்கு இன்னா தலையெழுத்து?" என்று மோகன்ராஜ் கத்தினான். இந்த ஒரு தடவைதான் அவன் பதவியை மறந்து அவளுக்காகக் கத்தினான் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அதற்குமேல் நடக்க முடியாமல் அங்கேயே அவள் தடத்துக்கு வெளிப்பக்கம் உட்கார்ந்துவிட்டான். அவள் கிளம்பிய மூலைக்கே வந்து சேர்ந்தபோது, சூரியன் மலைமேல் ஒரு கீற்றாக இருந்தது. "பெய்யட்டும்" என்றாள்.

பெய்தது. கயிறு பிடித்து அளந்த மாதிரி, அவள் நடந்த தடத்துக்கு உள்ளே மட்டும் பெய்தது. கிருஷ்ணப்பாவின் மாவிலையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. செல்வி குடத்தைக் கவிழ்த்துவிட்டு ஓவென்று அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். தாட்சாயணி நிலத்தில் தண்ணீர் ஒரே வீச்சில் சேர்ந்து கீழ்வரப்பை அறுக்க, அவள் வெறுங்கையால் சேற்றை அள்ளி அடைக்கப் பார்த்தாள். மோகன்ராஜ் ஓடி வந்தான். எல்லையில் காவலர்கள் குறுக்கே நின்றார்கள். யார் என்று கேட்டார்கள்.

"மோகன்ராஜ்" என்றான். அவர்கள் அசையவில்லை. "தேர்தல்ல ஜெயிக்க வெச்சதே நான்தான்யா" என்றான். அசையவில்லை. "வார்டு மெம்பர்" என்று சொல்லிப் பார்த்தான். பஞ்சாயத்து ஆபீசில் செல்லுபடியான அந்த வார்த்தைக்கு இங்கே இமைகூட அசையவில்லை. அந்தப் பக்கம் வரப்பு இன்னும் ஒரு முழம் இடிந்தது.

"தாட்சாயணி வூட்டுக்காரன்" என்றான்.

விலகினார்கள். அவன் குதித்து இறங்கி மண்வெட்டியை எடுத்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்த வாயை அடை" என்றாள். அடைத்தான். வரப்பு நின்றது.

இப்போதும் அந்த எல்லைக்குள் பயிர் கேட்கும்போதெல்லாம் மழை பெய்கிறது. நகரி பஸ் அந்த இடம் வந்ததும் கண்டக்டர் ஜன்னலை மூடச் சொல்கிறார், கிருஷ்ணப்பா தோட்டம் வந்ததும் திறந்துகொள்ளச் சொல்கிறார். மோகன்ராஜ் தினமும் காலையில் நிலத்துக்கு வருகிறான். காவலர்கள் தினமும் யார் என்று கேட்கிறார்கள். ஆரம்பத்தில் நாலு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொல்வான். இப்போதெல்லாம் நடையை நிறுத்தாமலே சொல்லிவிட்டு, களை பிடுங்க உள்ளே போகிறான்.