வின்சென்ட் மிஸ்

கிரேஸுக்கு ஆறாம் வகுப்பு முழுக்க வின்சென்ட் என்றுதான் பெயர். வின்சென்ட் அவளுடைய அப்பா. கோலார் தங்கவயலில் இருந்து அடுகோடியில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்து புதுப் பள்ளியில் சேர்ந்தபோது, இனிஷியலை விரித்து எழுதச் சொன்ன படிவத்தில் அத்தை 'வின்சென்ட் கிரேஸ்' என்று எழுதிவிட்டாள். முதல் நாள் டீச்சர் முதல் சொல்லை மட்டும் வாசித்தார். கிரேஸ் பயத்தில் எழுந்து "யெஸ் மிஸ்" என்றாள். அவ்வளவுதான். வருஷம் பூராவும் பையன்கள் "டேய் வின்சென்ட்டு, மீசை எங்கடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயர் வரிசை டிகிரி சான்றிதழ் வரை ஒட்டிக்கொண்டே வந்தது.

வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள். ஹெப்பகோடியில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் வேலை கொடுத்திருந்தார்கள். முதல் மூன்று மாதம் தற்காலிகம்; அதற்குள் ஒரு மெமோ வாங்கினாலும் வேலை நிரந்தரமாகாது. எப்படியானாலும் முதல் நாள் பட்டியலைத் தொடுவதில்லை, ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயரைக் கேட்டே எழுதிக்கொள்வது என்று முடிவு செய்துதான் வந்தாள்.

முப்பத்தெட்டு பிள்ளைகள். ஏழு பேரைக் கேட்டு முடிப்பதற்குள் ஒருங்கிணைப்பாளர் ரமா மேடம் வாசலில் வந்து நின்றார்.

"என்ன கிரேஸ், இன்னும் அட்டெண்டன்ஸ் போடலையா? ஒம்போதேகாலுக்குள்ள ஆப்ல ஏத்தணும்."

"பேரு கேட்டுட்டிருக்கேன் மேடம்."

"பேருதான் லிஸ்ட்லயே இருக்கே! படிச்சு டிக் போடுங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. லேட்டானா மெமோதான், என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மெமோ என்ற சொல் வேலை செய்தது. கிரேஸ் போனை எடுத்து முதலிலிருந்து மளமளவென்று வாசித்தாள். பதினோரு பேர் ஆயிற்று.

"சுதீர்."

"யெஸ் மிஸ்."

"ஸ்னேஹா."

"யெஸ் மிஸ்."

"கோவிந்தன்."

கடைசி பெஞ்சில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்தாள். "யெஸ் மிஸ்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கிரேஸ் திரையைப் பார்த்தாள். பதினாலாவது பேர், 'கோவிந்தன் மைதிலி'. காது சுட்டது.

"கோவிந்தன் உங்கப்பாவா?"

"ஆமா மிஸ்."

"அப்புறம் ஏன் எழுந்த?"

"போன வருஷமும் அப்டித்தான் கூப்ட்டாங்க மிஸ். பரவால்ல."

அந்தப் பரவாயில்லைதான் கிரேஸுக்குத் தாங்கவில்லை. போனை மேசைமேல் வைத்தாள்.

"சிரிக்கிறவங்க என்னப் பாத்துச் சிரிங்க. ஆறாவதுல என் பேரு வின்சென்ட்."

சுதீர் கேட்டான்: "மிஸ், மீசை எங்க மிஸ்?"

"ஷேவ் பண்ணிட்டேன். உக்காரு."

மைதிலியும் சிரித்துவிட்டாள்.

"தப்பு என்னோடது மைதிலி. முழுசா படிக்காம கூப்ட்டுட்டேன். உன்ன எப்படிக் கூப்பிடணும்?"

"மைதிலின்னே கூப்பிடுங்க மிஸ். மைத்தின்னு மட்டும் வேணாம்."

ரமா மேடம் வாசலில் நிற்கும்போதே மறுபடி முதல் பெஞ்சுக்குப் போய், விட்ட இடத்திலிருந்து கேட்டாள். முடிய ஒன்பதே முக்கால்.

மதிய இடைவேளையில் மெமோ வந்தது. கிரேஸ் தாளின் மேலே எழுதியிருந்த பெயரை மட்டும் படித்துவிட்டு ரமா மேடத்தின் மேசைக்கே கொண்டுபோய் வைத்தாள்.

"இது எனக்கில்ல மேடம். மிஸ் வின்சென்ட்னு போட்டிருக்கு. எங்கப்பா எலெக்ட்ரானிக் சிட்டியில செக்யூரிட்டி. டூட்டி முடிஞ்சதும் வரச் சொல்றேன், கையெழுத்துப் போடுவாரு."

ரமா மேடம் தாளை எடுத்துப் பார்த்தார். "சிஸ்டம் அப்படி எடுத்துக்குது. பரவால்ல, சைன் பண்ணுங்க."

"பரவால்ல இல்ல மேடம். பேர மாத்துங்க, சைன் பண்றேன்."

"பண்ணினா நிரந்தரம் ஆகாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

ரமா மேடம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிப் பெயரை மாற்றி, வேறு தாள் எடுத்துக் கொடுத்தார். கிரேஸ் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடினாள். நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"கம்ப்யூட்டர மூடிடாதீங்க மேடம். அஞ்சாம் க்ளாஸ் லிஸ்ட எடுங்க. பதினாலாவது பேரு."