பேட்டரி ஏறாத வண்டி

இப்பல்லாம் எவனும் கடை திறந்தேன், வண்டி வாங்கினேன் என்று சொல்வதில்லை. தொழிலையே புரட்டிப் போடப்போகிறேன் என்கிறான். புரண்டு கிடப்பது யார் என்று பார்த்தால் நம்ம ஆளாக இருக்கிறான்.

கம்பாலாவில் கலேர்வே ஸ்டாண்டில் வாடகை பைக் ஓட்டுகிறவர்களுக்கு நான்தான் தலைவர். எங்களுக்கு ஒரே முறைதான், வந்த வரிசைப்படி சவாரி. செக்கிட்டோவும் அந்த வரிசையில் நின்றவன்தான். போன வருஷம் ஒரு சின்னக் கம்பெனியின் ஆட்கள் சட்டை கசங்காமல் வந்தார்கள். பெட்ரோல் வேண்டாம், கரண்டில் ஓடும் வண்டி தருகிறோம், பேட்டரி தீர்ந்தால் எங்கள் கடையில் மாற்றிக்கொள், சவாரி போனிலேயே வரும் என்றார்கள். இவன் தன் பெட்ரோல் வண்டியை அவர்களிடமே கொடுத்து, மீதிக்குத் தவணை போட்டு, கரண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். "வரிசையில காத்துக் கெடக்குறதெல்லாம் உங்க காலம், தலைவரே" என்று சொல்லிவிட்டு வேறு போனான்.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கரண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"கரண்டு வண்டிக்கு வேர்க்குது பாருங்கடா" என்றான் கசோசி, வரிசையில் முதலில் நின்றவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"பேட்டரி தீந்துபோச்சு. இங்க இருந்த மாத்துற கடை பூட்டிக் கெடக்குது. ப்வாய்சேயில இருக்குற கடைக்குத்தான் போகணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள். வண்டி ஓடாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. என் வண்டியைக் கிளப்பி, அவன் வண்டியின் கால்மிதியில் காலை வைத்துப் பின்னாலிருந்து தள்ளினேன். நின்றுபோன வண்டியை நாங்கள் அப்படித்தான் கொண்டுபோவோம். ப்வாய்சே போய்ச் சேர்வதற்குள் தொடை கடுத்துவிட்டது.

கடை திறந்திருந்தது. ஆனால் பலகை புதுசு, நிறம் வேறு. செக்கிட்டோ உள்ளே ஓடி, ஒரு பேட்டரியைத் தூக்கி வந்து வண்டியில் செருகினான். பேட்டரி உள்ளே இறங்கவில்லை. திருப்பிச் செருகினான். முட்டியால் இடித்துக்கூடப் பார்த்தான்.

கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் வந்தாள். "அது ஏறாது ஐயா. எங்க பேட்டரிக்கு அளவே வேற. அந்தக் கம்பெனியை நாங்க வாங்கிட்டோம்."

"வாங்கினீங்கல்ல? அப்ப அவங்க பேட்டரி எங்க?" என்றேன்.

"எங்களுக்கு வேண்டியது போன்ல அவங்களைச் சவாரிக்குக் கூப்பிடுற ஆளுங்கதான். அந்தப் பழைய பேட்டரியை நிறுத்தியாச்சு."

"பழசா? என் செருப்பு அதைவிட மூத்தது, அம்மணி."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நானும் அந்தச் சின்னக் கம்பெனியில இருந்தவதான் ஐயா. என்னையும் சேத்துத்தான் வாங்கினாங்க" என்றாள். பிறகு செக்கிட்டோவிடம் திரும்பினாள். "இதைக் குடுத்துட்டு எங்க புது வண்டியை எடுத்துக்கலாம். தவணை மட்டும் முதல்லேருந்து."

அவனை ஓரமாக இழுத்துப்போனேன். "டேய், என் வண்டி இருக்கு. காலையில நீ ஓட்டு, மத்தியானத்துக்கு மேல நான் ஓட்டுறேன். ஸ்டாண்டுல நான் பேசுறேன். ரெண்டு வார்த்தை திட்டுவானுங்க, அப்புறம் எடம் விடுவானுங்க."

"அரை நாள் ஓட்டம் எங்களுக்குப் பத்தாது, தலைவரே. போன்ல கூப்பிடுறவன் இனிமே ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வருவானா? நேத்து நீங்களே எம்புட்டு நேரம் சும்மா உக்காந்திருந்தீங்க?"

நிழல் நகர நகர வண்டியை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது உண்மைதான்.

"நாளைக்கு இவங்களை இன்னொருத்தன் வாங்கினா? மறுபடி அளவு மாறுமேடா."

"மாறட்டும். அப்ப பாத்துக்கலாம். இன்னைக்கு வீட்டுக்கு என்ன கொண்டுபோறது, அதைச் சொல்லுங்க."

அவள் நீட்டிய போனில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். புது வண்டி வந்தது. பழையதை யாரோ சுவரோரம் உருட்டிக்கொண்டு போனார்கள். அவன் அதைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தான். போன் அதற்குள் கத்தியது, சவாரி. சத்தமே இல்லாமல் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

"உங்களுக்கும் ஒரு வண்டி பாக்கலாமா ஐயா?" என்றாள் அந்தப் பெண்.

"உங்களை எவன் வாங்குறான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நிற்கவில்லை. கடுக்கிற காலை இழுத்துக்கொண்டு என் வண்டியைப் பார்த்து நடந்தேன்.